கடிதம் கொண்டுவராத பையன்: பாடசாலை உளவளத்துணையில் ஒரு நிகழ்வு ஆய்வு

இந்தப் பையனின் பெயரை எழுதப்போவதில்லை. நேரில் அழைத்ததுபோலவே இங்கும் 'தம்பி' என்கிறேன். அவனை யாரும் அடையாளம் காணாதிருக்க ஊரையும் குடும்பத்தையும் பற்றிய சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். யாழ்ப்பாணக் குடாநாட்டின் கரையோரத்தில், தரம் 11 வரை மட்டும் உள்ள ஒரு பாடசாலை என்று வைத்துக்கொண்டால் போதும். அங்கே நான் உளவளத்துணை ஆசிரியை. வாரத்தில் 18 பாடவேளை குடியியலும் கற்பிக்கிறேன். ஆகவே 'உளவளத்துணைச் சேவை' என்று அறிக்கைகளில் காணப்படுவது, எங்கள் பாடசாலையில், இரண்டு பாடவேளைகளுக்கு இடையில் எனக்குக் கிடைக்கும் நேரம்தான்.

பரிந்துரை

2025ஆம் ஆண்டுக்கான வகுப்புகள் ஜனவரி இறுதியில் தொடங்கின. ஒரு மாதம் கழித்து வகுப்பாசிரியை ஒரு தாளைக் கையில் தந்தார். "தரம் 9. அடிக்கடி வருவதில்லை. தகப்பனுடன் கடலுக்குப் போகிறான். படிப்பில் அக்கறை இல்லை." அந்த 4 வாரங்களில் 9 நாட்கள் அவன் வந்திருக்கவில்லை. முந்தைய ஆண்டில் 61 நாட்கள்.

ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ரொபேர்ட் பல்பான்ஸ் குழுவினர் பிலடெல்பியா நகரில் செய்து 2007இல் வெளியிட்ட ஆய்வு எங்கள் துறையில் பலருக்குத் தெரிந்தது. 6ஆம் வகுப்பில் வரவு 80 சதவீதமோ அதற்குக் குறைவோ, கணிதத்திலோ மொழியிலோ சித்தியின்மை, நடத்தையில் குறைவான மதிப்பெண் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலே அந்தப் பிள்ளை படிப்பை முடிப்பது அரிது என்று அது காட்டியது. தம்பியிடம் இரண்டு இருந்தன. அவை தரம் 7இலேயே இருந்ததை இடாப்பைப் புரட்டிப் பார்த்தபோது கண்டேன். ஆசிரியர்கள் எவரும் கவனிக்கவில்லை என்று சொல்லமாட்டேன். எல்லோரும் கவனித்தோம். காரணம் தெரிந்துவிட்டது என்று நினைத்ததால் மேலே கேட்கவில்லை.

அந்தக் காரணம் நம்பக்கூடியதுதான். தகப்பனுக்குச் சொந்தப் படகு இல்லை. சம்மாட்டி (படகு முதலாளி) ஒருவரின் படகில் பங்குக்குப் போகிறவர். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரே நாளில் ஏறியபோது, வெளியிணைப்பு இயந்திரப் படகுகள் கரையிலேயே கிடந்தன. அந்த ஆண்டு முடிவதற்குள் தாய் வீட்டு வேலைக்கென்று மத்திய கிழக்குக்குப் போய்விட்டார். வீட்டில் தகப்பன், அப்பம்மா, தம்பி, தரம் 4இல் படிக்கும் தங்கச்சி. இழுவைப் படகுகளால் இரண்டு முறை வலை அறுந்து போனதாகத் தகப்பன் சொன்னார். அந்தக் கரையில் யாரைக் கேட்டாலும் இப்படி ஒரு கதை இருக்கும்.

கரையோரப் பிள்ளை வராவிட்டால் கடலுக்குப் போயிருப்பான் என்பது எங்கள் ஆசிரியர் அறையின் பழைய முடிவு. அதில் கொஞ்சம் இரக்கமும் உண்டு. இரக்கத்துக்குள் மறைந்திருக்கும் ஒரு பழைய கண்ணும் உண்டு. அதைப் பற்றி இதற்குமேல் விரிக்க விரும்பவில்லை. ஊர்க்காரருக்குப் புரியும்.

முதல் 2 மாதம்: என் பிழைகள்

மூன்று பிழைகள் செய்தேன்.

முதலாவது, பேசினேன். உளவளத்துணை அறை என்று பலகை தொங்கும் அறைக்கு, பாட நடுவில் ஆள் அனுப்பி அவனை அழைத்தேன். அந்தப் பலகைக்குக் கீழே நுழைகிற பிள்ளைக்கு 'விசர்' என்று பட்டம் கட்ட இடைவேளை வரைகூட எங்கள் மாணவர்கள் காத்திருப்பதில்லை. கதிரை நுனியில் உட்கார்ந்தான். படிப்பின் அருமை, அம்மாவின் கஷ்டம், எதிர்காலம் என்று இருபது நிமிடம் சொன்னேன். எல்லாவற்றுக்கும் "ஓம் ரீச்சர்" என்றான். அவன் போன பிறகு, அந்த இருபது நிமிடத்தில் ஒரு கேள்விகூட நான் கேட்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. அறிவுரை சொல்ல அந்த ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. அதற்கு டிப்ளோமா தேவையில்லை.

இரண்டாவது, கொடுத்தேன். கனடாவில் இருக்கும் பழைய மாணவர் ஒருவரின் உதவியால் சைக்கிள், சப்பாத்து, ஒரு கட்டுக் கொப்பி. அதிபர் கையால் வழங்கி, படமும் எடுத்து அனுப்பினோம். எட்டு நாட்கள் தொடர்ந்து வந்தான். ஒன்பதாம் நாள் வரவில்லை. சைக்கிள் மட்டும் கடற்கரையில் நின்றதாகக் கேள்விப்பட்டேன். நன்றி கெட்ட பிள்ளை என்று ஒருவர் சொன்னார். எனக்கும் உள்ளுக்குள் கோபம் வந்ததை மறைப்பானேன்.

மூன்றாவது, கடிதம் எழுதினேன். கட்டாயக் கல்வி வயது 2016இல் 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டதையும், வேலைக்கு அமர்த்தக்கூடிய மிகக் குறைந்த வயது 2021இல் 16 ஆக்கப்பட்டதையும் சுட்டிக்காட்டி, பிள்ளையை ஒழுங்காக அனுப்பாவிட்டால் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கு அறிவிக்க நேரிடும் என்று பாடசாலை முத்திரையுடன் அனுப்பினோம். சட்டப்படி ஒவ்வொரு சொல்லும் சரி.

அந்தக் கடிதத்துக்கு என்ன நடந்தது என்பதை மே மாதத்தில்தான் அறிந்தேன். தகப்பனுக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். அப்பம்மாவுக்கு அதுவும் தெரியாது. ஆகவே கடிதத்தைச் சந்திக் கடைக்குக் கொண்டுபோனார்கள். பாண் வாங்க நின்ற ஐந்தாறு பேர் கேட்க, கடைக்காரர் அதை உரக்க வாசித்திருக்கிறார். தம்பியும் அங்கே நின்றிருக்கிறான்.

இடாப்பும் நேரசூசியும்

மே இறுதியில், சலிப்பில்தான், ஒரு வேலை செய்தேன். வரவு இடாப்பைக் கட்டக் கொப்பியில் நாள் நாளாக இறக்கினேன். அதற்குக் கீழே வகுப்பு நேரசூசி. அதற்கும் கீழே, தகப்பனிடம் கேட்டுக் குறித்த, காற்றினால் படகு இறங்காத நாட்கள்.

பாடசாலை விட்டு விலகிநிற்கும் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்ரோபர் கேர்ணி நான்கு கேள்விகளைப் பிரித்துவைக்கிறார். பாடசாலை தரும் பயத்தையோ மனப்பாரத்தையோ தவிர்க்கவா? ஆட்கள் முன்னால் மதிப்பிடப்படும் தருணத்திலிருந்து தப்பவா? வீட்டாரின் கவனத்துக்காகவா? வெளியே கிடைக்கும் இலாபத்துக்காகவா? நாங்கள் எல்லோரும் நான்காவதையே பதிலாக வைத்திருந்தோம். கடலில் காசு கிடைக்கிறது, அதனால் போகிறான். அது சரியென்றால் அவன் வராத நாட்கள் மீன்பாட்டுடன் பொருந்த வேண்டும்.

பொருந்தவில்லை. அன்றுவரை 38 நாட்கள் வரவில்லை. அவற்றைத் தனித்தனி நாட்களாகப் பார்க்காமல் தொடர்களாகப் பிரித்தால் 11 தொடர்கள். சில இரண்டு நாள், சில ஐந்து நாள். பதினொன்றில் ஒன்பது தொடர்கள் செவ்வாயிலோ வியாழனிலோ தொடங்கின. நான்கு தொடர்கள், பலத்த காற்று என்று படகுகள் கரையேற்றப்பட்டிருந்த நாட்களில் தொடங்கியிருந்தன. சனி, ஞாயிறு கழிந்து திங்கட்கிழமை அவன் பெரும்பாலும் வகுப்பில் இருந்தான்.

செவ்வாயும் வியாழனும் தமிழும் வரலாறும் அடுத்தடுத்து வரும் நாட்கள். வரலாற்றுப் பாடத்தில் ஒவ்வொருவராக எழுந்து புத்தகத்திலிருந்து ஒரு பந்தி உரத்து வாசிக்கும் வழக்கம் எங்கள் பாடசாலையில் உண்டு.

இது முதல் நாட்களின் விளக்கம். பதினொரு தொடர்களுக்குப் பதினொரு முதல் நாட்கள். மிச்சம் 27 நாட்கள் ஏன்?

அதற்கான பதிலை வாயிற்காவலர் ஐயா வைத்திருந்தார். நான் கேட்டதே இல்லை, அவரும் சொன்னதில்லை. ஒரு நாள் வராதவர்கள் மறுநாள் பெற்றோரின் கடிதத்துடன் வர வேண்டும் என்பது பாடசாலை விதி. கடிதம் இல்லாதவரை மாணவர் தலைவர்கள் வாயிலில் மறிப்பார்கள். "அந்தப் பையன் ஏழரைக்கு முன்னமே வந்து நிற்பான் ரீச்சர். கடிதம் எங்கே என்று கேட்டால் ஒன்றும் பேசாமல் திரும்பிப் போய்விடுவான்" என்றார் ஐயா.

தாய் இருந்தவரை கடிதம் எழுதியவர் தாய். இப்போது அந்த வீட்டில் கடிதம் எழுத யாரும் இல்லை. ஆகவே ஒரு நாள் நின்றவனுக்குத் திரும்பி வர வழி கிடையாது, வாரம் முடிந்து திங்கட்கிழமை கூட்டத்தோடு நுழையும்வரை. 11 நாட்கள் அவன் நின்றான். 27 நாட்கள் நாங்கள் நிறுத்தினோம். எங்கள் படிவங்களில் இதற்கு 'இடைவிலகல்' என்று பெயர். ஓர் எழுத்தைக் கூட்டி 'இடைவிலக்கல்' என்று எழுதினால் கணக்கு நேராகும்.

வாடியில்

அடுத்த வியாழன் மாலை ஸ்கூட்டரில் கடற்கரைக்குப் போனேன். தம்பியின் சித்தப்பாவின் வாடி, அதாவது மீன்பிடிக் கொட்டில், அங்கே. நண்டு வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தான். வாடியின் கப்பில் அடித்திருந்த ஆணியில் ஒரு பிளாஸ்ரிக் பை தொங்கியது. அதற்குள் மடித்துவைத்த வெள்ளைச் சேர்ட்டும் நீலக் காற்சட்டையும். காலையில் பாடசாலைக்கு என்றுதான் வீட்டிலிருந்து வெளிக்கிட்டிருக்கிறான்.

என்னைக் கண்டதும் எழுந்தான். இருந்து வேலையைப் பார் என்று சொல்லி நானும் ஒரு கவிழ்த்த பெட்டியில் அமர்ந்தேன். பாடசாலை பற்றி எதுவும் கேட்கவில்லை. சித்தப்பா ஒரு வியாபாரியுடன் விலை பேசினார். மூன்றே முக்கால் கிலோ, கிலோ 1,250 ரூபாய். கணிப்பான் எடுக்கும் முன்பே தம்பி நிமிராமல் "நாலாயிரத்து அறுநூற்று எண்பத்தேழரை" என்றான். அந்த ஐம்பது சதத்தையும் அவன் விடவில்லை.

அடுத்ததாக நான் செய்தது கொஞ்சம் தந்திரம். அதில் எனக்குப் பெருமை இல்லை. கைத்தொலைபேசியில் வளிமண்டலவியல் திணைக்களத்தின் காற்று எச்சரிக்கை வந்திருந்தது. கண்ணாடி கொண்டுவரவில்லை, என்ன போட்டிருக்கிறது என்று பார் தம்பி, என்று நீட்டினேன். வாங்கிப் பார்த்தான். விரலால் மேலும் கீழும் தள்ளினான். "வெயிலுக்கு எழுத்துத் தெரியவில்லை ரீச்சர்" என்று திருப்பித் தந்தான். அப்போது சூரியன் அடிவானத்தில் இருந்தது.

அன்றிரவு முந்தைய தவணைத் தமிழ் விடைத்தாளைத் தேடி எடுத்தேன். 9 புள்ளிகள். அழகான, ஒரே சீரான கையெழுத்து. பக்கம் நிறைய எழுதியிருந்தான். வாசித்தபோதுதான் தெரிந்தது: வினாத்தாளில் இருந்த வரிகளையே வரிசை மாற்றிப் பிரதிசெய்திருந்தான். திருத்தியவர் சிவப்புக் கோடிட்டு விட்டுவிட்டார். பார்த்து எழுத அவனால் முடியும். எழுதியதை வாசிக்க முடியாது. தரம் 9இல்.

எப்படி இங்கே வரை வந்தான் என்று கேட்பவர்கள் ஆண்டுகளை எண்ணிப் பார்க்கலாம். 2020 மார்ச்சில் கோவிட் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது அவன் தரம் 4. அடுத்த ஆண்டும் பெரும்பகுதி மூடியே கிடந்தது. பாடங்கள் கைத்தொலைபேசி வழியாக நடந்தன. அவன் வீட்டில் இருந்தது பொத்தான் தொலைபேசி. 2022இல் எரிபொருள் இல்லாமல் மறுபடியும் வகுப்புகள் நின்றன. தாய் போனது அந்த ஆண்டில். எழுத்துக் கூட்டி வாசிப்பதிலிருந்து ஓட்டமாக வாசிப்பதற்கு ஒரு பிள்ளை கடக்கும் காலம் அப்படியே காணாமல்போயிற்று. வகுப்பு மட்டும் ஏறிக்கொண்டே வந்தது.

1823இலேயே அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரியில் படித்தவர்கள், வீட்டை அடகு வைத்தும் படிப்பித்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் மண் இது. இங்கே வறுமையைச் சொல்ல யாரும் கூசுவதில்லை. கேட்பவர் உடனே தலையாட்டுவார், உதவியும் வரும். பதினான்கு வயதில் வாசிக்கத் தெரியாது என்று சொல்ல முடியுமா? தகப்பனுடன் கடலுக்குப் போகிறான் என்று ஊர் சொன்னபோது தம்பி அதை மறுக்காமல் விட்டதன் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கியது. அதைவிட மரியாதையான காரணம் அவனுக்குக் கிடைத்திருக்காது.

பேச்சு

அந்தப் பலகை அறைக்கு அவனை மறுபடி அழைக்கவில்லை. பாடசாலை முடிந்து சைக்கிள் நிறுத்துமிடத்தில், வேம்புக்குக் கீழே, நின்றபடி பேசினோம். நேருக்கு நேர் உட்கார்ந்து பேசுவதைவிட, இருவரும் ஒரே திசையைப் பார்த்தபடி பேசுவது இந்த வயதுப் பையன்களுக்கு இலகுவாக இருக்கிறது. இதை எந்தப் பயிற்சியிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

முதலில் ஒப்பந்தம். நீ சொல்வது என்னோடு இருக்கும், உனக்கோ வேறொரு பிள்ளைக்கோ யாராவது தீங்கு செய்தால் மட்டும் நான் வெளியே சொல்ல வேண்டிவரும், என்றேன். வீட்டில் அடி உண்டா, வேறு ஏதும் தொந்தரவு உண்டா என்று நேராகவே கேட்டேன். இல்லை என்றான். பின்னர் அப்பம்மாவிடமும் வகுப்பாசிரியையிடமும் தனித்தனியே விசாரித்துத்தான் அதை நம்பினேன். எங்கள் சுவரில் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் விளம்பரத்தாள் இருக்கிறது, 1929 என்ற அவசர அழைப்பு இலக்கத்துடன். அந்தத் தாளில் அந்த நான்கு இலக்கங்களைத் தவிர வேறெதுவும் அவனுக்கு வாசிக்க வராது என்பது அன்று என் நெஞ்சில் தைத்தது.

பிறகு கேட்டேன்: "கிழமையில் எந்த நாள் உனக்கு லேசான நாள்?"

"திங்கள். கணக்கு இரண்டு பாடம்."

"எந்த நாள் பாரம்?"

பதில் வர நேரம் எடுத்தது. சைக்கிள் மணியைச் சுற்றிச் சுற்றித் திருகினான். "வாசிக்கச் சொல்லும் நாள்" என்றான்.

"இது யாருக்குத் தெரியும்?"

"தங்கச்சிக்கு மட்டும்."

அம்மா குறுஞ்செய்தி அனுப்பினால் தரம் 4 தங்கச்சிதான் வாசித்துக் காட்டுவாளாம். அதனால் அம்மாவைக் குரலில் மட்டும் பேசி அனுப்பச் சொல்லிவைத்திருக்கிறான். அவருக்கும் காரணம் தெரியாது. மகனுக்குத் தன் குரல் கேட்க ஆசை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அதிலும் பொய் இல்லை.

என்ன செய்தோம்

அதிபரிடம் போனபோது கட்டக் கொப்பியைக் கொண்டுபோனேன். ஆசிரியர் கூட்டத்தில் பையன் பாவம் என்று சொல்லியிருந்தால் அதிபர் அனுதாபப்பட்டிருப்பார். 27 என்ற எண்ணைக் காட்டியபோது அவர் பேசாமல் பேனையை எடுத்தார். தரம் 6இலிருந்து 11 வரை எவருக்கும் கடிதம் இல்லை என்று வாயிலில் மறிப்பது நிறுத்தப்பட்டது. பிள்ளை உள்ளே வரட்டும், காரணத்தை வகுப்பாசிரியை தொலைபேசியில் கேட்டுக் குறிக்கட்டும் என்றாயிற்று. முழு ஆண்டிலும் நாங்கள் செய்த பயனுள்ள வேலை இதுதான் என்று நினைக்கிறேன். ஒரு சதம் செலவில்லை.

வரலாற்று ஆசிரியருடன் அவ்வளவு இலகுவாக இருக்கவில்லை. ஒருவனுக்கு விலக்குக் கொடுத்தால் நாளைக்கு எல்லோரும் கேட்பார்கள் என்றார். அவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. உரத்து வாசிப்பு இல்லாவிட்டால் பாதி வகுப்பு புத்தகத்தைத் திறக்காது. கடைசியில் ஒத்துக்கொண்டது இப்படி: அவனை வாசிக்கச் சொல்வார், ஆனால் எந்தப் பந்தி என்பதை முதல் நாளே சொல்லிவிடுவார். அது மூன்று வரிக்கு மேல் இருக்காது. அந்த மூன்று வரியையும் தங்கச்சியுடன் இருந்து மனப்பாடமாக்கிக்கொண்டு வந்தான். அது வாசிப்பு ஆகாது என்று எனக்கும் ஆசிரியருக்கும் தெரியும். ஆனால் செவ்வாய்க்கிழமை அவன் வகுப்பில் இருந்தான்.

வாசிப்பைக் கற்பிக்க நான் தகுதியானவள் இல்லை. ஆரம்பப் பிரிவில் இருபது ஆண்டுக்கு மேல் கற்பித்த ஆசிரியை ஒருவர் முன்வந்தார். காலை 7 மணிக்கு, மற்றவர்கள் வருமுன், நூலகத்தின் பின்புறத்தில் 25 நிமிடம். முதலில் வைத்தியசாலைக் கண் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பிப் பார்வையைச் சோதித்தோம். பழுதில்லை. எழுத்துகள் தெரிந்திருந்தன. உயிர்மெய்யில்தான் கால் இடறியது. ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் மாறின. ல, ள, ழ மூன்றும் ஒன்றாகின. நீளமான சொல் வந்தால் முதல் இரண்டு எழுத்தைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தை ஊகித்தான். 'வரவேற்பு' என்ற இடத்தில் 'வரலாறு' என்றான். முதல் வாரத்தில் நிமிடத்துக்கு 17 சொற்கள்.

எதை வாசிப்பது என்பதில் அந்த ஆசிரியையின் யோசனையை நான் மறக்கமாட்டேன். தரம் 2 புத்தகத்தை நீட்டினால் இவன் நாளைக்கு வரமாட்டான் என்று தொடங்கும் முன்பே சொன்னார். காற்று எச்சரிக்கை அறிவித்தலை எடுத்தார். தினமும் புதிதாக வருவது, ஆனால் சொற்கள் திரும்பத் திரும்ப அவையே. கடற்பரப்பு, மணித்தியாலம், கிலோமீற்றர், கொந்தளிப்பு, மேகமூட்டம், வடகிழக்கு. 'கொந்தளிப்பு' என்ற ஒரு சொல்லிலேயே அவனுக்கு இடறும் கொம்பும் ளகரமும் இரண்டும் இருக்கின்றன. வாசித்ததை வாடியில் போய்ச் சொல்ல அவனுக்கு ஆட்களும் இருந்தார்கள். மூன்றாம் வாரத்தில் சித்தப்பா அவனிடம், இன்றைக்கு என்ன போட்டிருக்கிறது என்று கேட்கத் தொடங்கியிருந்தார்.

மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1990இல் தொடங்கிய ஒரு திட்டம், விலகும் ஆபத்தில் உள்ள பிள்ளைக்குப் பாடசாலையில் நிலையான ஒரு பெரியவரை ஒதுக்குகிறது. அவர் நாள்தோறும் வரவைப் பார்த்து, பிள்ளையோடும் வீட்டோடும் தொடர்ந்து பேசிக்கொண்டிருப்பார். எங்களுக்கு அந்தப் பெரியவர் வாயிற்காவலர் ஐயா. நான் கேட்டபோது சிரித்தார். ஆனாலும் ஒவ்வொரு நாளும் அவனை மறித்து, இன்றைக்கு என்ன பட்டது, விளைமீனா ஒட்டியா என்று இரண்டு வார்த்தை கேட்காமல் உள்ளே விட்டதில்லை. வராவிட்டால் எட்டு மணிக்குத் தன் கைத்தொலைபேசியில் தகப்பனுக்கு அழைப்பு எடுப்பார். முன்பு அவனைத் திருப்பி அனுப்பிய அதே வாயில்.

வேலை விடயம் சங்கடமானது. சித்தப்பாவின் வாடியில் கூலிக்கு வலை கழற்றுவது சட்டத்தின் கண்ணில் வேலைதான். அதே வேளை கடற்கரையை அவனிடமிருந்து முழுதாகப் பிடுங்கினால், அவனுக்குத் தலை நிமிர்ந்து நிற்கக்கூடிய ஒரே இடம் போய்விடும். தகப்பனுடன் நீண்ட நேரம் பேசினோம். எங்கள் கடிதம் கடையில் வாசிக்கப்பட்டதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு அவரே சொன்னார்: கூலி வேண்டாம், பாடசாலை நாளில் வாடிப்பக்கம் வர வேண்டாம், சனிக்கிழமை மட்டும் தன்னோடு கரையில் நிற்கட்டும், கடலுக்கு இறங்க வேண்டாம். கோட்பாட்டுப்படி இது முழுச் சரியா என்று கேட்டால் என்னிடம் தெளிவான விடை இல்லை. இந்தக் குடும்பத்துக்கு இது பொருந்தியது.

சறுக்கல்

ஏழாம் வாரம் ஒரு மாணவன் 7 மணி வகுப்பைக் கண்டுபிடித்துவிட்டான். இடைவேளைக்குள் 'தரம் ஒன்று' என்று பட்டம் வைத்தாயிற்று. அதைவிடக் கெடுதல், அதே நாள் ஆசிரியர் ஒருவர் நடைபாதையில், இவன் தரம் 11 முடிவில் சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றினால் பாடசாலையின் சித்தி வீதம்தான் குறையும் என்று இன்னொருவருக்குச் சொன்னது அவன் காதில் விழுந்தது. பெறுபேற்றுப் பட்டியல் நாளிதழில் வரும் ஊரில் இப்படி நினைப்பவர் ஒருவர் மட்டும் என்று சொல்ல முடியாது. மற்றவர்கள் நடைபாதையில் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

நான்கு நாட்கள் வரவில்லை. ஐயா எடுத்த அழைப்புக்குத் தகப்பன் மட்டும் பதில் சொன்னார், மகன் தொலைபேசிக்கு வர மறுத்தான். நான் போகவா வேண்டாமா என்று தடுமாறிக்கொண்டிருந்தபோது, ஆரம்பப் பிரிவு ஆசிரியை தன் குரலில் ஒரு செய்தி அனுப்பினார். "தம்பி, நாளைக்கு நான் 7 மணிக்கு நூலகத்தில் இருப்பேன். நீ வந்தாலும் இருப்பேன், வராவிட்டாலும் இருப்பேன்." அடுத்த நாள் வரவில்லை. அவர் இருந்தார். அதற்கடுத்த நாள் ஏழேகாலுக்கு வந்தான்.

அவனைத் தரம் ஒன்று என்றவனை ஒழுக்காற்றுக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். நான் அவனுடைய இடாப்பையும் எடுத்துக் கட்டக் கொப்பியில் இறக்கிப் பார்த்தேன். அவனும் செவ்வாய்க்கிழமைகளில் அடிக்கடி இருக்கவில்லை. ஆண்டு இறுதிக்குள் 7 மணி நூலகத்தில் நான்கு பேர் இருந்தார்கள்.

இப்போது

கடைசித் தவணையில் அவன் வராதது 5 நாட்கள், எல்லாம் ஒற்றை நாட்கள். வாசிப்பு நிமிடத்துக்கு 46 சொற்கள். தரம் 9 வினாத்தாளுக்கு இது போதாது. கணிதத்தில் 71 எடுத்தான். வரலாற்றில் 22. ஆனால் அந்த 22உம் அவனுடையவை, வினாத்தாளிலிருந்து பிரதிசெய்யப்பட்டவை அல்ல.

தரம் 10க்குப் பாடத்தொகுதி தெரிவு செய்யும்போது நீர்வாழ் உயிரின வளங்கள் பற்றிய பாடத்தை எடுக்கலாமா என்று கேட்டான். சாதாரண தரத்தில் அப்படி ஒரு பாடம் இருக்கிறது. கடலிலிருந்து முந்நூறு மீற்றரில் இருக்கும் எங்கள் பாடசாலையில் அதற்கு ஆசிரியர் இல்லை. விவசாயம் எடுத்திருக்கிறான். சாதாரண தரத்தில் எப்படி வந்தாலும் 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டத்தின் தொழிற்றுறைப் பிரிவில் தரம் 12க்குப் போகலாம் என்று தகப்பனுக்கு விளக்கியிருக்கிறேன். அந்தப் பிரிவு உள்ள பாடசாலைக்கு எந்த பஸ் எத்தனை மணிக்கு என்று தம்பி விசாரித்துவைத்திருக்கிறான்.

போன மாதம் ஒரு புதன்கிழமை வரவில்லை. வியாழன் காலை ஐயாவிடம் ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். கடிதம் கேட்பதை நாங்கள் நிறுத்தி மாதக்கணக்காகிறது. ஒற்றைக் கொப்பித்தாள், ஒரு பக்கம் கிழிந்தது. "மதிப்புக்குரிய ரீச்சருக்கு, நேற்று எனக்குக் காச்சல். அதனால் வரவில்லை." கீழே தகப்பனின் கையெழுத்து. காய்ச்சலில் யகர ஒற்று இல்லை. நாங்கள் எல்லோரும் அதை அப்படித்தான் உச்சரிக்கிறோம். வகுப்பாசிரியை சிவப்புப் பேனையை எடுத்தார். தாளை அவரிடமிருந்து வாங்கிக் கோப்பில் போட்டேன்.